பூட்டு உடையாத திருட்டு

பாடம் 8 – உரைநடை

வீட்டில் திருடன் புகுந்தால் நமக்கு உடனே தெரிந்துவிடும். பூட்டு உடைந்திருக்கும், பீரோ திறந்து கிடக்கும், துணிமணிகள் சிதறியிருக்கும், அக்கம்பக்கத்தார் கூடிவிடுவர். இந்தப் பாடத்தில் நாம் காணப்போகும் திருட்டில் இவற்றுள் எதுவும் நிகழாது. திருடப்பட்ட பொருள் உரியவரிடமே இருக்கும். ஆதார் அட்டை அலமாரியிலும், கைப்பேசி சட்டைப் பையிலும், வங்கிக் கணக்குப் புத்தகம் மேசை இழுப்பறையிலும் வைத்தது வைத்தபடி இருக்கும். ஆயினும், எங்கோ ஓர் ஊரில் வேறொருவர் அதே பெயரையும் அதே எண்ணையும் காட்டிக் கடன் வாங்கியிருப்பார்; சிம் அட்டை பெற்றிருப்பார்; ஒரு நிறுவனத்தையேகூடத் தொடங்கியிருப்பார். இதற்கு அடையாளத் திருட்டு என்று பெயர்.

இந்தியச் சட்டம் இதனைத் தனிக் குற்றமாகவே கருதுகிறது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் பின்னர்ச் சேர்க்கப்பட்ட 66சி என்னும் பிரிவு, பிறருடைய மின்னணுக் கையொப்பத்தையோ கடவுச்சொல்லையோ வேறு தனி அடையாளத்தையோ மோசடியாகப் பயன்படுத்துவோருக்கு 3 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையும் 1 இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது. சட்டம் இருக்கிறது. ஆனால் சட்டத்தை நாடுவதற்கு முன் திருட்டு நடந்திருப்பது உரியவருக்குத் தெரிய வேண்டுமே! பொருள் எதுவும் காணாமல் போகாதபோது அதனை எப்படி அறிவது? பெரும்பாலும் ஒரு குறுஞ்செய்தி, ஒரு கடிதம், ஓர் அறிமுகமில்லாத தொலைபேசி அழைப்பு, இவைதாம் நமக்குக் கிடைக்கும் தடயங்கள்.

நம் எண்கள் செல்லும் இடங்கள்

ஆதார் எண் முதன்முதலில் 2010ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் மகாராட்டிர மாநிலம் நந்தூர்பார் மாவட்டத்தின் தெம்பிலி என்னும் சிற்றூரில் வழங்கப்பட்டது. இன்று 12 இலக்கங்கள் கொண்ட அந்த எண்ணும், 10 எழுத்தும் எண்ணும் கலந்த பான் எண்ணும் இல்லாமல் பெரும்பாலான காரியங்கள் நடைபெறுவதில்லை.

உங்களுள் பலருடைய பெற்றோர் பணிமாற்றத்தின் காரணமாக ஊர் ஊராகச் சென்றிருப்பர். புனேயிலிருந்து குவாஹாட்டிக்கும், அங்கிருந்து தில்லிக்கும் ஒரு குடும்பம் இடம்பெயர்வதாகக் கொள்வோம். ஒவ்வோர் ஊரிலும் வீட்டுத் தரகரிடம் ஆதார் நகல், வீட்டு உரிமையாளரிடம் ஒரு நகல், காவல் நிலையத்தின் வாடகைதாரர் சரிபார்ப்புப் படிவத்துடன் ஒரு நகல், எரிவாயு இணைப்புக்கு ஒன்று, பள்ளிச் சேர்க்கைக்கு ஒன்று எனக் கொடுத்துக்கொண்டே வரவேண்டியிருக்கிறது. நகல் எடுக்கும் கடைக்கு வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்பினால், அச்சிட்ட தாள் நம் கைக்கு வந்துவிடும். படம் கடைக்காரருடைய கைப்பேசியிலேயே தங்கிவிடும். நகல் கேட்பவர் எல்லாரும் தீயவர் அல்லர். மிகப் பெரும்பாலோர் நேர்மையானவரே. ஆனால் அந்தத் தாள்கள் பின்னர் யார் கைக்குச் செல்கின்றன என்பதை அந்த நேர்மையானவர்களும் அறியமாட்டார்கள்.

எண் மட்டும் போதாது, கைரேகையும் வேண்டும் என்று சிலர் ஆறுதல் கொள்வதுண்டு. 2018ஆம் ஆண்டில் தெலங்கானாவின் பெத்தபள்ளி மாவட்டத்தில் சிம் அட்டை விற்பவர் ஒருவர் பிடிபட்டார். இணையத்தில் கிடைத்த நிலப் பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த பெருவிரல் ரேகைகளைக்கொண்டு செயற்கை அச்சுகள் செய்து, அவற்றின் துணையால் பிறர் பெயர்களில் சிம் இணைப்புகளை இயக்கி வந்தார் என்பது அவர்மீது கூறப்பட்ட குற்றம். நிலம் விற்றவரும் வாங்கியவரும் பதிவு அலுவலகத்தில் வைத்த ரேகை, அவர்கள் அறியாமலே சிம் கடைக்குச் சென்றுவிட்டது.

தாத்தாவின் கைப்பேசி

தில்லி ஆர்.கே. புரத்தில் வாழும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். திருநெல்வேலியிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருக்கும் தாத்தாவின் கைப்பேசியை, பள்ளியிலிருந்து திரும்பிய பேத்தி பார்க்கிறாள்.

“தாத்தா, இந்தச் செய்தியை எப்போது பார்த்தீர்கள்?”

“காலையிலேயே வந்தது அம்மா. ஆங்கிலத்தில் இருந்தது. ஏதோ விளம்பரம் என்று விட்டுவிட்டேன்.”

“விளம்பரம் இல்லை தாத்தா. உங்கள் எண்ணுக்குப் புதிய சிம் கேட்டு விண்ணப்பம் வந்திருக்கிறதாம். நீங்கள் கேட்கவில்லையென்றால் உடனே தெரிவிக்கும்படி எழுதியிருக்கிறார்கள். நீங்கள் கேட்டீர்களா?”

“நான் எதற்குக் கேட்கப்போகிறேன்? இது நன்றாகத்தானே இருக்கிறது. மதியத்திலிருந்துதான் யாருக்கும் பேச முடியவில்லை. டவர் கிடைக்கவில்லை என்று நினைத்தேன்.”

“அப்பாவின் கைப்பேசிக்கும் இதே நிறுவனத்தின் சிம்தான். அதில் டவர் கிடைக்கிறதே!”

பேத்தி கவனித்த இந்த இரண்டும் மிக முக்கியமான அறிகுறிகள். ஒருவரது அடையாளத்தைக் காட்டி அவருடைய எண்ணுக்கு மாற்று சிம் பெற்றுவிட்டால், உரியவரது கைப்பேசி அந்த நொடியே செயலிழக்கும். அதன்பின் வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எனப்படும் ஒருமுறைக் கடவுச்சொற்கள் திருடனுடைய கருவிக்குச் செல்லும். அதே இடத்தில், அதே நிறுவனத்தின் இணைப்புள்ள மற்றவர்களுக்குக் கைப்பேசி இயங்கும்போது ஒருவருடையது மட்டும் நெடுநேரம் இயங்காதிருந்தால், மாலை வரை காத்திருக்கலாகாது. வேறொரு கைப்பேசியிலிருந்து தொலைபேசி நிறுவனத்தையும் வங்கியையும் உடனே அழைத்துச் சொல்ல வேண்டும்.

இங்கே நாள் கணக்கு பெரிது. இந்திய ரிசர்வ் வங்கி 2017ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வெளியிட்ட விதியின்படி, வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இன்றி வேறெங்கோ நேர்ந்த கோளாற்றால் ஒருவரது கணக்கிலிருந்து மின்னணு வழியில் பணம் எடுக்கப்பட்டால், அதனை அவர் 3 வேலை நாள்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் இழப்பு எதுவும் அவரைச் சாராது. 4 முதல் 7 வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் ஒரு வரம்பு வரை அவர் இழப்பை ஏற்க வேண்டும். அதற்கும் பிந்தினால் வங்கியின் கொள்கைப்படி முடிவாகும். இந்த நாள்கள் எப்போதிலிருந்து எண்ணப்படுகின்றன என்பதைக் கவனியுங்கள்: வங்கியிடமிருந்து செய்தி வந்ததிலிருந்து. செய்தியைப் படித்ததிலிருந்து என்று விதி கூறவில்லை. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஒருவருக்கு ஆங்கிலத்தில் வந்த செய்தி, பத்து நாள்கள் திறக்கப்படாமலே கிடந்தாலும் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும். நம் வீடுகளில் ஆங்கிலமும் இந்தியும் தடையின்றிப் படிப்பவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளே. எனவே தாத்தாவுக்கும் பாட்டிக்கும் வரும் செய்தியைப் படித்துச் சொல்வது சிறிய உதவியாகத் தோன்றினாலும், அதற்கு உரிய மதிப்பு மேற்கண்ட கணக்கில் இருக்கிறது.

(ஓ.டி.பி. எண்ணைத் தாமே பிறருக்குச் சொல்லிவிட்டவருக்கு இந்தச் சலுகை இல்லை. வங்கிக்குத் தெரிவிக்கும்வரை நேர்ந்த இழப்பு முழுவதும் அவரையே சாரும்.)

தூண்டிலும் அறிகுறியும்

‘உங்கள் கணக்கு இன்றிரவு முடக்கப்படும், இந்த இணைப்பைத் தொட்டு விவரங்களைப் பதிவு செய்க’ என்று வரும் செய்திகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இவை தூண்டில்கள். இனிமேல் திருடுவதற்காக வீசப்படுபவை. அவற்றைத் தொடாமல் நீக்கிவிட்டால் தீங்கு இல்லை. அறிகுறி என்பது வேறு. திருட்டு ஏற்கெனவே நடந்துவிட்டது அல்லது நடந்துகொண்டிருக்கிறது என்பதைத் தெரிவிப்பது அது. தூண்டிலுக்கு அஞ்சி எல்லாச் செய்திகளையும் படிக்காமலே நீக்குபவர்கள் அறிகுறிகளையும் சேர்த்தே நீக்கிவிடுகின்றனர். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. தூண்டில் நம்மை அவசரப்படுத்தி எதையேனும் தொடவோ சொல்லவோ தூண்டும். உண்மையான வங்கிச் செய்தி பெரும்பாலும் நடந்த ஒன்றை அறிவிக்கும்: ‘தங்கள் கைப்பேசி எண் மாற்றப்பட்டது’, ‘தங்கள் முகவரி திருத்தப்பட்டது’, ‘தங்கள் கணக்கில் புதிய பயனாளர் சேர்க்கப்பட்டார்’. ஆனால் இவற்றையும் போலியாக அனுப்பக்கூடும். ஆதலால், செய்தியில் உள்ள எண்ணை அழைக்காமல், வங்கி அட்டையின் பின்புறம் அச்சிட்டுள்ள எண்ணை அழைத்துக் கேட்பதே பாதுகாப்பானது.

கேட்காமலே வரும் ஓ.டி.பி. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. யாரோ நம் எண்ணை எங்கோ உள்ளிட்டிருக்கிறார். ஒருமுறை வந்தால் எண்ணைத் தவறாக உள்ளிட்டிருக்கலாம். ஆதார் தொடர்பாகவோ வங்கி தொடர்பாகவோ அடுத்தடுத்து வந்தால் அதனைத் தற்செயல் என்று விட முடியாது.

முன்னெழுத்தால் வரும் குழப்பம்

தமிழர் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. நம்முள் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயரின் முதலெழுத்தை முன்னே இட்டு எழுதுவது நம் வழக்கம். ‘மு. செல்வம்’ என்பவர் படிவங்களில் தம் முன்னெழுத்தை விரிக்க நேரும்போது ‘செல்வம் முத்தையா’ ஆகிறார். வட மாநிலத்து அலுவலகங்களில் அது ‘திரு முத்தையா’ என்று சுருங்கிவிடும். முத்தையா என்பது செல்வத்தின் தந்தையார் பெயர். அவர் ஊரில் இருப்பார்; அல்லது காலமாகியிருப்பார். இப்பெயரில் கடன் நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தால், “இப்பெயரில் இங்கே யாரும் இல்லை” என்று தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடும் வீடுகள் உண்டு. எழுத்துகள் இடம்மாறியும் சற்றுச் சிதைந்தும் வரும் கடிதங்களைத்தான் நாம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பிறர் நம் ஆவணத்தைப் பார்த்து விண்ணப்பிக்கும்போது அதில் அச்சிட்டுள்ளவாறே எழுதுவரேயன்றி, நம் வீட்டார் அழைக்கும் முறையில் எழுதமாட்டார்.

ஊர் மாறிய குடும்பங்களுக்கு இன்னொரு தொல்லை. கடிதம் பழைய முகவரிக்குச் செல்லும். வீடு காலி செய்யும்போது வங்கி, வருமான வரி, காப்பீடு ஆகியவற்றில் முகவரியைத் திருத்துவது பலருக்கு மறந்துபோகும். வழக்கமாக வந்துகொண்டிருந்த வங்கி அறிக்கை திடீரென நின்றுவிட்டால், அதுவும் ஓர் அறிகுறியே. வேறொருவர் முகவரியை மாற்றியிருக்கலாம்.

வாங்காத கடன், பெறாத சம்பளம்

“உங்கள் தவணை மூன்று மாதமாக வரவில்லை” என்று ஒருவர் அழைக்கிறார். கடனே வாங்காதவர் ‘தவறான எண்’ என்று சொல்லி வைத்துவிடுவார். அப்படி வைத்துவிடாமல், எந்த நிறுவனம், எந்தக் கடன் கணக்கு என்பவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். நம்முடைய எண் எதையும் சொல்ல வேண்டுவதில்லை. பணமும் கட்ட வேண்டுவதில்லை. பின்பு கடன் தகவல் அறிக்கையைப் பார்க்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் ஒப்புதல் பெற்ற 4 கடன் தகவல் நிறுவனங்கள் நம் நாட்டில் இயங்குகின்றன. ஒவ்வொன்றிடமிருந்தும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையைக் கட்டணமின்றிப் பெறலாம். அதில் நம் பெயரிலுள்ள கடன்களோடு, நம்மைப் பற்றி எந்தெந்த நிறுவனம் எந்த நாளில் விசாரித்தது என்பதும் இருக்கும். நாம் அணுகாத நிறுவனம் விசாரித்திருந்தால், யாரோ நம் பெயரில் கடன் கேட்டிருக்கிறார் என்பது பொருள். கடன் கிடைப்பதற்கு முன்பே இது தெரியவருவதால், எல்லா அறிகுறிகளிலும் பயன்மிக்கது இதுவே எனலாம்.

வருமான வரித் துறையின் இணையதளத்தில் ஆண்டுத் தகவல் அறிக்கை என்று ஒன்று உண்டு. ஒருவரது பான் எண்ணில் பதிவான சம்பளம், வட்டி, வாடகை முதலியன அதில் தொகுக்கப்பட்டிருக்கும். வேலை செய்யாத நிறுவனத்திடமிருந்து சம்பளமும், சொந்த வீடே இல்லாதவருக்கு வாடகை வருவாயும் அதில் தென்பட்டால், அந்த எண்ணை வேறொருவர் பயன்படுத்தியிருக்கிறார். நாள்கூலி வாங்கும் தொழிலாளர்களுக்குக் கோடிக்கணக்கில் சரக்கு சேவை வரி கட்டுமாறு அறிவிப்பு வந்த செய்திகளைப் பல மாநிலங்களின் நாளிதழ்களில் காணலாம். கடன் பெற்றுத் தருவதாகவோ வேலை வாங்கித் தருவதாகவோ சொல்லிப் பெற்ற ஆதார், பான் நகல்களால் அவர்கள் பெயரில் நிறுவனம் பதிவு செய்யப்பட்டிருக்கும். அறிவிப்பு வரும் வரை அவர்களுக்கு எதுவும் தெரிந்திராது.

நம் பெயரில் எத்தனை சிம் இணைப்புகள் உள்ளன என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் பார்க்கலாம். ஒருவர் பெயரில் 9 இணைப்புகள் வரை இருக்கலாம். ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கு மாநிலங்களில் 6. நமக்குரியது அல்லாத எண் பட்டியலில் இருந்தால் அங்கேயே புகார் அளிக்கலாம். பிறர் அந்த எண்ணைக்கொண்டு செய்யும் குற்றத்திற்குக் காவல்துறை முதலில் தேடிவருவது நம் வீட்டுக்குத்தான்.

உங்களுக்கும் இது நேரும்

பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் இந்தியச் சட்டப்படி செல்லாது. எனவே வங்கிகள் உங்களுக்குத் தனியாகக் கடன் தருவதில்லை. உங்கள் பெயரில் கடன் அழைப்போ கடன் அட்டை பற்றிய கடிதமோ வந்தால், ஆராய வேண்டுவதே இல்லை. அது தவறாகத்தான் இருக்கும். பெற்றோரிடம் உடனே காட்டுங்கள்.

உங்கள் வயதினருக்கு அதிகம் நேர்வது போலிக் கணக்குதான். சமூக ஊடகத்திலிருந்து உங்கள் படத்தை எடுத்து, உங்கள் பெயரிலேயே இன்னொரு கணக்கைத் தொடங்கி, உங்கள் மாமாவிடமும் சித்தியிடமும் “அவசரமாகப் பணம் வேண்டும்” என்று கேட்பார்கள். இதன் முதல் அறிகுறி உங்களிடம் வராது. “நேற்றுத்தான் நாம் நண்பர்களாக இருந்தோமே, மறுபடியும் ஏன் அழைப்பு அனுப்பினாய்?” என்று ஒரு தோழி கேட்பாள். அக்கேள்வியைச் சிரித்துக் கடந்துவிடாதீர்கள்.

அறிகுறி தென்பட்டால் செய்ய வேண்டுவன சிலவே. பணம் போயிருந்தால் வங்கிக்கும், 1930 என்னும் தேசிய உதவி எண்ணுக்கும் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். ஆதார் தொடர்பான ஐயங்களுக்கு 1947 என்னும் எண்ணை அழைக்கலாம். அதில் தமிழிலும் பேசலாம் என்பதைப் பாட்டியிடம் சொல்லிவையுங்கள். ஆதார் தளத்தில் கைரேகை, கருவிழிப் பதிவுகளைப் பூட்டிவைக்கும் வசதி உண்டு. அந்த எண் எப்போதெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற வரலாற்றையும் அங்கே காணலாம். நகல் கொடுக்கும்போது கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுப்பதும், தாளின் குறுக்கே நோக்கத்தையும் தேதியையும் எழுதுவதும் நல்லது.

சொல்லும் பொருளும்

தடயம் – துப்பு, அடையாளக் குறி
தண்டம் – குற்றத்திற்காகக் கட்டும் பணம்
நகல் – படி
தவணை – பகுதி பகுதியாகக் கட்டும் கடன்தொகை
மறைப்பு ஆதார் – முதல் 8 இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதார்

பயிற்சி

1. தாத்தாவின் கைப்பேசியில் பேத்தி கண்ட இரண்டு அறிகுறிகள் யாவை? ஒன்று மட்டும் தென்பட்டிருந்தால் அவள் என்ன செய்திருக்கலாம்?

2. பின்வருவனவற்றைத் தூண்டில், அறிகுறி என வகைப்படுத்திக் காரணம் எழுதுக.
அ) பரிசு விழுந்துள்ளது, வங்கி எண்ணை அனுப்புக.
ஆ) தங்கள் கணக்கின் கைப்பேசி எண் இன்று மாற்றப்பட்டது.
இ) கடன் அறிக்கையில் அறியாத நிறுவனத்தின் விசாரணைப் பதிவு.
ஈ) மின்கட்டணம் கட்டவில்லை; இரவு 9 மணிக்கு மின்சாரம் துண்டிக்கப்படும்; இந்த எண்ணை அழைக்கவும்.

3. உங்கள் பெயர் பள்ளிப் பதிவேட்டிலும் ஆதாரிலும் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது? முன்னெழுத்தை விரித்தால் எது குடும்பப் பெயராகக் கொள்ளப்படும்? வகுப்பில் உரையாடுக.

4. திங்கட்கிழமை காலையில் வங்கிச் செய்தி வந்தது. தாத்தா அதனை வெள்ளிக்கிழமை உங்களிடம் காட்டுகிறார். இடையில் விடுமுறை இல்லை. செய்தி வந்த நாளைச் சேர்க்காமல் எண்ணினால் எத்தனை வேலை நாள்கள் ஆகியுள்ளன? 2017ஆம் ஆண்டு விதியின்படி இப்போதைய நிலை என்ன?

5. தாத்தாவின் சார்பில் வங்கி மேலாளருக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதுக. பின்னர் அதனை நீங்கள் வாழும் மாநில மொழியிலோ ஆங்கிலத்திலோ மொழிபெயர்க்க.

6. வீட்டுப் பெரியவர் ஒருவருடைய இசைவுடன், சென்ற வாரம் அவருக்கு வந்த குறுஞ்செய்திகளை அவருடன் அமர்ந்து படித்துத் தமிழில் விளக்குக. எத்தனை செய்திகள் அவருக்கு முன்பு விளங்காதிருந்தன என்பதை மட்டும் குறித்து வருக. எந்த எண்ணையும் இப்பயிற்சி ஏட்டில் எழுத வேண்டா.